சர்வோ எஞ்சின்: அடுத்த ஓராண்டுக்கு எதைத் தோளில் ஏற்றுவது?

கல்தச்சன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

வலைப்பக்கத்தைப் படித்துத் திரையில் வரைந்துகாட்டும் சர்வோ உலாவி எஞ்சினில் நம் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் ஓய்வு நேரத்தில் வேலை செய்துவருகிறோம். சிலர் நிரல் எழுதுகிறோம், சிலர் சோதனைகள், ஒருவர் ஆவணங்கள். அவரவர் கண்ணில் பட்ட வழுவை அவரவர் எடுத்துக்கொள்கிறோம். வேலை நடக்காமல் இல்லை. ஆனால் போன வாரம் உட்கார்ந்து, ஓராண்டில் நாம் அனுப்பியவற்றையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன், மனம் கனத்துவிட்டது. அங்கே ஒரு செங்கல், இங்கே ஒரு செங்கல். சுவர் ஒன்றுகூட எழும்பவில்லை. இந்த முறை முன்கூட்டியே இலக்கு வைத்துக்கொண்டு இறங்குவோம். அதையே திட்டத்தின் பொது விவாதத்திலும் நம் கருத்தாக வைப்போம்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 2012இல் மொசில்லாவின் ஆய்வுப் பிரிவில், ரஸ்ட் நிரல்மொழியில் பிறந்தது சர்வோ. அதில் விளைந்த ஸ்டைலோ (பக்கத்தின் பாணிகளைக் கணக்கிடும் பகுதி) 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வழியாக மக்கள் கைக்குப் போனது. பக்கத்தை வரையும் வெப்ரெண்டர் பின்னால் வந்தது. 2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது சர்வோ குழுவும் கலைந்தது. அந்த நவம்பரில் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் இகாலியா நிறுவனத்தின் நான்கு பேர் முழுநேரமாக அமர்ந்து அதை எழுப்பினார்கள். 2025 அக்டோபரில் 0.0.1 என்ற எண்ணுடன் வெளியீடு வந்தது.

2023ஆம் ஆண்டுக்கென அவர்கள் எழுதிய வேலைத்திட்டத்தை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். திட்டத்தை மறுபடி ஓடவைப்பது, சர்வோ சார்ந்திருக்கும் பிற நிரல்களை, அதாவது பழையதாகிவிட்ட சார்புநிரல்களைப் புதுப்பிப்பது, பக்கத்தில் எது எங்கே அமையும் என்று கணக்கிட, கையில் இருந்த இரண்டு தளவமைப்பு நிரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பக்கத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ்2 தரநிலையின் அடிப்படைகளை நோக்கி நகர்வது, ஆண்ட்ராய்டுக்கும் பிற செயலிகளுக்குள் பொருத்துவதற்கும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது. இவ்வளவுதான். வாய்ப்பந்தல் எதுவும் இல்லை. இருந்த இரண்டில் 2013ஆம் ஆண்டினதை விட்டுவிட்டு 2020இல் தொடங்கியதை எடுத்தார்கள். இன்று அட்டவணை, ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்று எதைப் பேசினாலும் அந்த ஒரு முடிவின்மேல் நின்றுதான் பேசுகிறோம்.

என் முன்மொழிவு: வலைத்தளப் பொதுச் சோதனைத்தொகுப்பில் (உலாவிகள் தரநிலைப்படி நடக்கின்றனவா என்று பார்ப்பது, நாம் டபிள்யூபிடி என்று சொல்வது) 90 சதவீதத்தை எட்டுவது. அதுதான் தலையாய இலக்கு. அதற்கடுத்து, பக்கத்தைக் கட்டங்களாக அடுக்கும் கிரிட் தளவமைப்பு, படிவங்கள். உங்கள் கருத்துகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

நெய்தல்

தயங்காமலே சொல்கிறேன். சதவீதத்தைத் தலையாய இலக்காக வைப்பதை எதிர்க்கிறேன்.

டபிள்யூபிடியில் ஏறத்தாழ இருபது லட்சம் உட்சோதனைகள் இருக்கின்றன. அவை சமமாகப் பரவியிருக்கவில்லை. "என்கோடிங்" கோப்புறையைத் திறந்து பாருங்கள். பிக்5, ஜிபிகே, இயூசி-கேஆர் போன்ற பழைய கிழக்காசியக் குறியேற்றங்களை அங்கே ஒவ்வோர் எழுத்தாகச் சோதிக்கிறார்கள். ஓர் எழுத்துக்கு ஓர் உட்சோதனை. அந்தப் பக்கம் ஒரு வழுவைத் திருத்தினால் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். தளவமைப்பில் அப்படி நடக்காது. எஞ்சின் வரையும் படத்தையும் எதிர்பார்க்கும் படத்தையும் ஒப்பிடும் சோதனைதான் அங்கே பெரும்பாலும். ஒரு பக்கம் முழுவதும் சரியாக வந்தாலும் கணக்கில் ஒன்றுதான் கூடும். அட்டவணையின் நெடுவரிசை அகலத்தைச் சரிசெய்ய ஒரு மாதம் செலவிட்டவருக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மதிப்பெண். வாசகருக்கு எது பயன்? அந்த ஒரு மாத வேலைதான்.

உலாவிகளுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்ட ஆசிட்3 சோதனையை மறந்துவிட வேண்டாம். 2008 மார்ச்சில் ஓபரா உலாவியும் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்டும் ஒரே நாளில் 100க்கு 100 என்று அறிவித்தன. அந்த நூறில் எஸ்விஜி எழுத்துரு போன்றவையும் இருந்தன. பிறகு அவற்றை வலையே கைவிட்டது. 2011இல் சோதனையையே திருத்தினார்கள். தரநிலைகள் மேலும் மாறியதால் இன்றைய நல்ல உலாவிகளே அதில் முழு மதிப்பெண் வாங்குவதில்லை. மதிப்பெண்ணைத் துரத்தி எழுதிய நிரலைப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பிடுங்கி எறிய வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன்.

கல்தச்சன்

நெய்தல், உங்கள் கணக்கு சரி. ஆனால் எண்ணுக்கு ஒரு வலு இருக்கிறது, அதையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐஓஎஸ் 17.4 முதல் வேறு எஞ்சின்களுக்கு ஆப்பிள் இடம் கொடுத்தபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, டபிள்யூபிடியில் 90 சதவீதம், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான டெஸ்ட்262இல் 80 சதவீதம். 90 என்று நான் சொன்னது அதனால்தான். பணம் கொடுப்பவர்களும் எண்ணைத்தான் கேட்கிறார்கள். "அட்டவணை நன்றாக வருகிறது" என்று விண்ணப்பத்தில் எழுத முடியுமா?

நெய்தல்

எழுதலாம். எழுதுகிற விதத்தில் எழுதினால் ஒப்புக்கொள்வார்கள். பெரிய உலாவிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் இன்டர்ஆப் முயற்சியைப் பாருங்கள். 2021இல் அதன் முதல் வடிவத்தில் ஐந்தே ஐந்து சிஎஸ்எஸ் களங்கள்: ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட், ஸ்டிக்கி, ஆஸ்பெக்ட்-ரேஷியோ, டிரான்ஸ்ஃபார்ம். அதிலும் எண் உண்டு. ஆனால் முதலில் மேம்பாட்டாளர்கள் அன்றாடம் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக் களத்தைத் தேர்ந்தார்கள். அதற்குள் மட்டும் எண்ணினார்கள். எல்லை போட்டுவிட்டு எண்ணுங்கள், நானும் உங்களோடு எண்ணுகிறேன்.

வெண்கலம்

நான் வயதானவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் தன் உலாவியின் மூல நிரலைத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து மொசில்லாவைப் பின்தொடர்கிறேன். அந்த ஆண்டு அக்டோபரில் பழைய தளவமைப்பு நிரலைக் கைவிட்டு, பின்னாளில் கெக்கோ என்று பெயர் பெற்ற புதியதன்மேல் எல்லாவற்றையும் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். முடிவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். கெக்கோ இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் 1.0 என்ற எண் வந்தது 2002 ஜூன் 5 அன்று. இடையில் 2000 நவம்பரில், அடித்தளம் காயும் முன்னே நெட்ஸ்கேப் 6ஐ வெளியிட்டார்கள். மெதுவாக இருக்கிறது, முடிக்கப்படாமல் இருக்கிறது என்று எல்லாப் பக்கமிருந்தும் குறை வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அந்த இடைவெளியில் வலையையே தன் வீடாக்கிக்கொண்டது.

நான் சொல்லவந்தது அந்த 1.0ஐப் பற்றி. அதற்கு என்ன பொருள் என்று மொசில்லாக்காரர்கள் முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். அதில் என் மனத்தில் நின்றது ஒன்று: எஞ்சினைத் தங்கள் நிரலுக்குள் பொருத்துபவர்கள் நம்பி எழுதக்கூடிய இடைமுகங்களை உறையவைப்பது. இனி மாற்ற மாட்டோம் என்ற வாக்கு அது. கலியான் போன்ற உலாவிகள் கெக்கோவைப் பொருத்தி வளர்ந்த காலம். யாருக்கு வாக்குக் கொடுக்கிறோம் என்பதை முதலில் எழுதினார்கள், அம்சங்கள் பிறகு.

இலக்கு எழுதும்போது அந்த ஒரு வரியை முதலில் எழுதுங்கள் தம்பி. இந்த ஆண்டு சர்வோ யாருக்கு வாக்குக் கொடுக்கிறது? அன்றாட உலாவியாகப் பயன்படுத்த விரும்புபவருக்கா? அப்படியானால் நீட்டிப்புகள், கடவுச்சொல் சேமிப்பு, பணம் கட்டிப் பார்க்கும் படங்களுக்கான பூட்டு என்று பட்டியல் ஆலமரமாக விரியும். லேடிபேர்ட் என்ற மற்றொரு உலாவியை உருவாக்கும் குழு 2024இல் தனி அறக்கட்டளை அமைத்து, முழு உலாவி என்ற பெயரில்தான் இறங்கியிருக்கிறது. அவர்களுடைய பாதை தெளிவு. நாமும் அதே பாதையில் ஓட வேண்டுமா?

மாமரத்தடி

வெண்கலம் ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. என் போன்றவர்களுக்குக் கொடுங்கள்.

நான் சிறு கடைகளுக்கான கணக்குச் செயலி எழுதுகிறேன். வலைப்பக்கத்தைச் செயலியாக்கும் டாரி என்ற கருவி கொண்டு கட்டியிருக்கிறோம். எஞ்சினைத் தன்னோடு சுமக்காமல் இயங்குதளம் தருவதையே அது எடுத்துக்கொள்கிறது: விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகேவெப்வியூ, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே. செயலி சிறியதாக இருக்கிறது, அது பெரிய நன்மை. ஆனால் ஒரே ரசீதை மூன்று எஞ்சினில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ரசீதின் அகலம் 80 மில்லிமீட்டர். ஒரு நெடுவரிசை இரண்டு புள்ளி நகர்ந்தால் தொகையின் கடைசி இலக்கம் அடுத்த வரிக்கு ஓடிவிடும். 1,250 ரூபாய் என்பது 1,25 என்றும் கீழே தனியாக ஒரு 0 என்றும் வந்து நின்ற நாளில் கடைக்காரர் தொலைபேசியில் என்னிடம் பேசியதை நான் மறக்கவில்லை. அவர் பேசியது நியாயம்.

அதே வேலைக்கான எலக்ட்ரானுக்குப் போனால், குரோமின் அடித்தளமான குரோமியத்தையே முழுதாக மூட்டை கட்டித் தர வேண்டும். நூறு மெகாபைட்டுக்கு மேல். சர்வோவை டாரியோடு இணைக்கும் முயற்சிக்கு நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை நிதி கொடுத்தது என்று படித்தபோது எனக்கு எவ்வளவு நம்பிக்கை வந்தது தெரியுமா? எல்லா இடத்திலும் ஒரே எஞ்சின், சிறிய உடம்பு.

எனக்கு வலை முழுவதும் வேண்டாம். நான் எழுதிய பக்கம் சரியாக வந்தால் போதும். நான் கேட்பது நான்கைந்து விஷயம். பக்கத்தைத் திற, அளவை மாற்று, உரையாடல் பெட்டி வந்தால் எனக்குச் சொல், ஒட்டுப்பலகையைக் கொடு, விசைப்பலகை உள்ளீட்டு முறை வேலை செய்யட்டும். இவற்றுக்கான ஏபிஐ (என் செயலி எஞ்சினோடு பேசும் இடைமுகம்) மாதாமாதம் மாறினால் மாறட்டும், எண் 1.0ஐ எட்டும்வரை அது இயல்பு. எது மாறியது, பழைய நிரலை எப்படித் திருத்துவது என்று வெளியீட்டுக் குறிப்பில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்த ஒரு பத்தி இல்லாமல்தான் போன முறை இரண்டு இரவு போனது.

சிறுதுளி

வணக்கம். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. சர்வோவுக்கு இதுவரை ஒரே ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். ஆவணத்தில் ஒரு கட்டளை தவறாக இருந்தது. நீங்கள் பேசும் இலக்குகளில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் எங்கே என்று தெரியவில்லை. என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம். எஞ்சினைக் கட்டும் "மாக் பில்ட்" கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் நினைவகம் போதாமல் நின்றிருந்தது. கிரிட், படிவம் என்றெல்லாம் நீங்கள் சொல்லும்போது ஆசையாக இருக்கிறது, ஆனால் கை எட்டவில்லை.

நெய்தல்

தங்கையே, கட்டாமலே வேலை செய்ய வழி இருக்கிறது. சர்வோ தளத்தில் ஒவ்வோர் இரவும் கட்டிவைக்கும் பதிப்பு கிடைக்கிறது, அதை இறக்கிக்கொள். சோதனை எழுத எஞ்சினின் மூல நிரலே தேவையில்லை. டபிள்யூபிடி சோதனை என்பது ஒரு சாதாரண எச்டிஎம்எல் கோப்பு. ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் திறந்து பார், இரவுப் பதிப்பிலும் திறந்து பார். மூன்றும் ஒத்துப்போகாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சிறிய கோப்பாகக் குறைத்துக் கொடுத்தால், அதுவே பாதி திருத்தம். எஞ்சின்காரர்களுக்கு வருகிற வழு அறிக்கைகளில் பெரும்பாலானவை "இந்தத் தளம் சரியாக வரவில்லை" என்று ஒற்றை வரியில் வரும். பத்தாயிரம் வரியிலிருந்து பத்து வரியாகக் குறைப்பதற்குப் பொறுமைதான் வேண்டும், 32 ஜிபி வேண்டாம்.

கல்தச்சன், நம் இலக்கில் இது ஏன் இல்லை?

கல்தச்சன்

இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேர்க்கிறேன். எந்தப் பக்கங்களை வைத்துக் குறைப்பது என்று சொல்லுங்கள்.

நெய்தல்

தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து தொடங்கலாம். ஏதாவது ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் தகவற்சட்டம் இருக்கும். அது ஓர் அட்டவணை, மிதக்கும் அட்டவணை, அதற்குள் படம், படத்துக்குக் கீழே வரைபடம். உரை அதைச் சுற்றி ஓட வேண்டும். சிஎஸ்எஸ் 2.1 அட்டவணையின் தானியங்கி அகலக் கணக்கைக் கட்டாய விதியாகவே எழுதவில்லை. உலாவிகள் தாமாகக் கண்டுபிடித்துக்கொண்டவைதான் நடைமுறையில் இருக்கின்றன. ஆகவே அங்கே உடைவது நிறைய. ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பழைய சிக்கல்கள் கூடி நிற்கும்.

ஒற்றைக்கொம்பு

விக்கிப்பீடியா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் எழுத்துரு வேலை செய்பவன். இந்த இழையில் இதுவரை யாரும் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை, அது எனக்கு வருத்தம்.

"கொடி" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் "கொ" என்பது ககரம், அதன்பின் ஒகரக் குறி, இரண்டு குறியீடுகள். திரையில் வரும்போது மூன்று வடிவங்கள்: முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் ககரம், பின்னால் கால். இந்த மாற்றத்தை ஹார்ஃப்பஸ் நூலகம் செய்துகொடுக்கிறது, சர்வோவும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதுவரை கவலை இல்லை. அதற்குப் பிறகு எஞ்சின் என்ன செய்கிறது என்பதில்தான் கவலை. தலைப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுத்திடைவெளியை நான்கு புள்ளி கூட்டுகிறார். எஞ்சின் வடிவத்துக்கு வடிவம் இடைவெளி போட்டால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து கைகால் கழன்று நிற்கும். இடைவெளி எழுத்துக்கு எழுத்து விழ வேண்டும், எழுத்துக்குள் விழக் கூடாது; சிஎஸ்எஸ் தரநிலை சொல்வதும் அதுதான். ஒரு மின்னூல் செயலியில் என் மகளின் பாடப் புத்தகம் முழுவதும் இப்படிக் கழன்று வந்தது. குழந்தை காலைத் தனி எழுத்தாக நினைத்து "ர" என்று வாசித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அன்றுதான் எஞ்சின்களின் பக்கம் வந்தேன்.

இன்னொன்று, சொல்லை ஒடிப்பது. நம் சொற்கள் நீளம். "எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" கைப்பேசியின் குறுகிய பத்தியில் அடங்காது. நம் நாளிதழ்கள் இணைப்புக்கோடு போடாமல் எழுத்து முடிந்த இடத்தில் ஒடித்து அடுத்த வரிக்குப் போகின்றன. ஒடிக்கும் இடம் எழுத்துக்கு நடுவில் விழாமல் இருக்கிறதா, மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்கிறதா என்று யாராவது சோதிக்க வேண்டும். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியில், தமிழுக்கு எது குறைகிறது என்று பார்க்கும் ஆய்வு (கேப் அனாலிசிஸ்) என்று ஓர் ஆவணம் இருக்கிறது, அதை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போகலாம். இதை நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொம்பும் காலும் கழன்று நிற்பது கண்ணிலேயே படாது.

விரல்நுனி

எனக்குப் பார்வை இல்லை. என்விடிஏ திரைவாசிப்பானும் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலும் கொண்டு இந்த இழையை முழுவதும் கேட்டேன். ஒற்றைக்கொம்பு சொல்வது எனக்கு வேறு விதமாகப் புரிகிறது. பக்கம் அழகாக வரையப்பட்டாலும் எனக்கு அது வெற்றுச் சுவர்தான், பக்கத்தின் உறுப்புகளைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் அணுகல் மரம் ஒன்றை எஞ்சின் கட்டி இயங்குதளத்திடம் கொடுக்காத வரை.

நான் ஒரு பக்கத்தை எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன். எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவுவேன். கே விசை அடுத்த இணைப்புக்கு. ஐந்து விநாடியில் பக்கத்தின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும். இதற்கு எஞ்சின் "இது தலைப்பு, இரண்டாம் நிலை, இதன் பெயர் இது" என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் மாயமில்லை.

2025இல் ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்டு நிதி தந்தபோது அணுகல்தன்மையும், பிற செயலிகளுக்குள் பொருத்துவதற்கான வெப்வியூ ஏபிஐயும் பராமரிப்பும்தான் வேலையாகச் சொல்லப்பட்டன. ஆகவே இது எங்களுக்கான சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம், திட்டமே ஏற்றுக்கொண்ட பாதை இது. மாமரத்தடி அவர்களே, உங்கள் கணக்குச் செயலியை நாளை என்னைப் போன்ற ஒரு கடைக்காரர் வாங்கினால் அவரால் ரசீது போட முடியுமா? பொருத்துவதற்கான ஏபிஐயில் அணுகல் மரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால், அந்தப் பிறகு வருவதற்கு ஐந்து ஆண்டாகும். இந்த ஆண்டு தலைப்பு, இணைப்பு, பொத்தான் மூன்று மட்டும் கேட்கிறேன். சோதித்துச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாமரத்தடி

முடியாது என்பதுதான் உண்மையான பதில். இதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. என் செயலியையே உங்களுக்குச் சோதனைக்குத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்கலம்

நல்ல திசையில் போகிறது. ஆனால் கூடையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே போகிறோம், யார் தூக்குவது? ஏழெட்டுப் பேர், வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து மணி நேரம். அதிலும் தீபாவளி, தேர்வு, வீட்டில் உடம்பு சரியில்லை என்று கழியும்.

இரண்டு விஷயம் வற்புறுத்துகிறேன். முதலாவது, பராமரிப்பை இலக்கு என்று வெளிப்படையாக எழுதுங்கள். சர்வோ தூங்கிய இரண்டு ஆண்டுகளில் ஸ்டைலோவும் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஸ்பைடர்மங்கியும் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் வெகுதூரம் போய்விட்டன. 2023இல் புதிய அம்சத்தைத் தொடுவதற்கு முன் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியிருந்தது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வந்தால் வலிக்காது. பாதுகாப்புக்கும் இதுதான் வேர். குரோமியம் திட்டமே தன் கடுமையான பாதுகாப்பு வழுக்களில் 70 சதவீதம் நினைவகத் தவறுகள் என்று 2020இல் எழுதியது. அத்தகைய தவறுகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழி அதில் நமக்குப் பெரிய துணை. ஆனால் ஸ்பைடர்மங்கி சி++இல்தான் இருக்கிறது. அதைப் பழையதாக வைத்துக்கொண்டு ரஸ்ட் என்று மார்தட்டுவதில் பொருளில்லை.

இரண்டாவது, செய்யப்போவதில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். திட்டத்துக்கு அல்ல, நமக்கு. அது எழுதப்படாத ஆண்டில் எல்லோரும் எல்லாவற்றையும் தொடுவார்கள்.

கல்தச்சன்

ஐயா, பராமரிப்பு இலக்கில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. புதிதாக வருபவர்களை "வா, பதிப்பு எண்ணை உயர்த்து" என்று கூப்பிட முடியுமா? சிறுதுளி போன்றவர்கள் ஒரு மாதத்தில் ஓடிவிடுவார்கள்.

நெய்தல்

புதியவர்கள் ஓடுவது அதனால் அல்ல. அனுப்பிய திருத்தம் மூன்று வாரம் யாரும் பார்க்காமல் கிடந்தால் ஓடுவார்கள். வேறொரு திட்டத்தில் நானே அப்படி ஓடியிருக்கிறேன். நாற்பது நாள் கழித்து "இனி பொருந்தாது" என்று ஒற்றை வரியில் மூடினார்கள். அன்று மூடியது என் திருத்தத்தை மட்டும் அல்ல.

சர்வோவில் சரிபார்ப்பவர்கள் சோர்ந்துபோகாமல் இருக்க நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் குழுவிலிருந்து போகும் ஒவ்வொரு திருத்தத்தையும் முதலில் நமக்குள் ஒருவர் படித்துவிட வேண்டும். எழுத்துப்பிழை, சோதனை இல்லாமை, தேவையில்லாத மாற்றம் எல்லாம் இங்கேயே தீரட்டும். அங்கே இருப்பவர் உண்மையான கேள்வியில் மட்டும் நேரம் செலவிடட்டும். மூன்று நாளுக்குள் படித்துத் தருவது என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பை நானும் ஐயாவும் பார்த்துக்கொள்கிறோம், அதில் எங்களுக்குச் சலிப்பு இல்லை.

கல்தச்சன்

சரி. இரண்டு நாள் யோசித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுத் திருத்துங்கள்.

இந்த ஆண்டு நம் வேலை, சர்வோவைத் தன் செயலிக்குள் பொருத்தும் சிறு மேம்பாட்டாளருக்காக. 90 சதவீதத்தை எடுத்துவிட்டேன். நெய்தலோடு வாதாடிவிட்டு என்கோடிங் கோப்புறையை நானே எண்ணிப் பார்த்த பிறகு அதை வைத்திருக்க மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக இருபது பக்கங்கள். பத்து தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள், மாமரத்தடியின் ரசீதும் கணக்குத் திரைகளும் ஆறு, படிவம் உள்ள பக்கங்கள் நான்கு. ஒவ்வொரு மாத வெளியீட்டிலும் இருபதையும் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், விரல்நுனி அவர்கள் காதால் கேட்க வேண்டும். உடைந்திருப்பதைச் சிறிய சோதனையாகக் குறைப்பது சிறுதுளியும் உடன் வருபவர்களும். ஏபிஐ மாற்றக் குறிப்பு எழுதுவது நான். மாமரத்தடி தன் செயலியில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அது வெளியே போகும். தமிழ் எழுத்துச் சோதனைகள் ஒற்றைக்கொம்பு தலைமையில். சார்புநிரல் புதுப்பிப்பில் திட்டத்துக்குத் துணை, ஐயாவும் நெய்தலும்.

தொடப்போவதில்லை: நீட்டிப்புகள், படப் பூட்டு, யூஎஸ்பி போன்ற கருவி இடைமுகங்கள், அன்றாட உலாவிக்கான தோற்றம். கிரிட்டும் நம் பட்டியலில் இல்லை. டாஃபி என்ற தளவமைப்பு நூலகம் வழியாக அதை ஏற்கெனவே வேறு சிலர் முன்னெடுத்துவருகிறார்கள்; அவர்கள் காலில் நாம் இடற வேண்டாம். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, கிரிட் நான் ஆசைப்பட்டது.

ஆறாம் மாதம் ஒருமுறை எல்லோரும் கூடிப் பார்ப்போம். அன்று இருபதில் எட்டுகூடச் சரியாக வராவிட்டால் பட்டியலைக் குறைப்போம், கூட்ட மாட்டோம்.

வெண்கலம்

இதற்கு என் சம்மதம். இருபது பக்கங்களையும் இன்றைய நிலையில் படம் பிடித்துச் சேமித்துவிடுங்கள். விக்கிப்பீடியாக் கட்டுரை நாளை மாறிவிடும்; கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும்.

சிறுதுளி

நெய்தல் அக்கா சொன்னபடி முதல் சோதனையை எழுதிவிட்டேன். "கொடி கோடு கெண்டை" என்ற மூன்று சொற்கள், எழுத்திடைவெளி 20 புள்ளி. எதிர்பார்க்கும் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி ஸ்பேன் குறிச்சொல்லில் போட்டு வலப்பக்கம் 20 புள்ளி ஓரம் கொடுத்திருக்கிறேன். இரண்டு படமும் ஒன்றாக வந்தால் தேர்ச்சி. உரிமச் சிக்கல் வராமல் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சோதனையோடு வைத்திருக்கிறேன். "க்ஷ"வையும் சேர்க்கட்டுமா?

ஒற்றைக்கொம்பு

நன்றாகச் செய்திருக்கிறாய் அம்மா. க்ஷ இப்போது வேண்டாம். ஒருங்குறியின் எழுத்துப் பிரிப்பு விதி அதை க், ஷ என்று இரண்டாகத்தான் எண்ணுகிறது. நாம் ஒன்றாகப் பார்க்கிறோம். விதியே அப்படி இருக்கும்போது எஞ்சினைத் தோற்கடிப்பதில் பயனில்லை. அதற்கு முதலில் டபிள்யூ3சியில் தனியாகக் கேள்வி எழுப்புவோம், நான் எழுதித் தருகிறேன்.

ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. "கொ"வை ஒகரக் குறியாக ஒரே குறியீட்டில் எழுதியிருக்கிறாய். கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகப் பிரித்து எழுதினாலும் ஒருங்குறியில் அது அதே எழுத்துதான். பழைய கோப்புகளை மாற்றியபோது அப்படி நிறைய வந்துவிட்டன. அந்த வடிவத்தில் இன்னொரு வரி சேர்த்துவிட்டு இரவுப் பதிப்பில் ஓட்டிப் பார். முடிவு எதுவானாலும் இங்கேயே படத்தோடு போடு, நான் விழித்திருக்கிறேன்.